பாதி மாத்திரை

பாய்லர்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே ஏதாவது முள்ளோ எண்ணோ ஓடுகிறதா என்று அவர் கண் தேடும். பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் முட்களை எட்டிப் பார்ப்பார். கடையில் எடை போட்டால் தராசைப் பார்த்த பிறகுதான் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். "ஆள் பொய் சொல்லுவான், முள்ளு சொல்லாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். ஒரு பெரிய சலவை ஆலையில் நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளும் துண்டுகளும் அவர் அனுப்பும் நீராவியில்தான் வெந்து, காய்ந்து, இஸ்திரியாகி, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். அவருடைய ஷிப்டில் அழுத்தம் கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அதனால் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அவருடைய மனைவியை எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் உட்கார்ந்து எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வாள். குரலுக்காகவே அவளை வேலைக்கு எடுத்தார்கள். உரக்கப் பேச மாட்டாள், இழுத்துப் பேச மாட்டாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கழுவி வைத்த தம்ளர் மாதிரி வந்து நிற்கும். வண்டி ரத்தாகிவிட்டது என்ற செய்தியைக்கூட அவள் சொன்னால் ஜனங்கள் சண்டைக்குப் போகாமல் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேடைக்கு நடப்பார்கள்.

அந்தக் குரல் எப்போது மாறத் தொடங்கியது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரே நாளில் மாறியிருந்தால் பதறியிருப்பார்கள். அது மெல்ல மெல்லக் கனத்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். பிறகு செருப்பு இறுக்குகிறது என்றாள். காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்கியிருந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. முழங்கைத் தோல் மாவு மாதிரி உதிர்ந்தது. சாப்பாடு பாதியாகக் குறைந்தும் உடம்பு பெருத்தது. எல்லாவற்றையும்விட வேடிக்கை, நல்ல வெயில் காலத்தில் அவளுக்குக் குளிர் எடுத்தது. மற்றவர்கள் கிடைத்த அட்டையை எடுத்து விசிறிக்கொண்டிருந்த நாட்களில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் நேராகக் கொதிகலன் அறைக்கு வந்து, சாம்பல் வாளிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கரி தள்ளுகிறவர்களே நிற்க முடியாமல் வாசலுக்கு ஓடும் இடம் அது. அவள் மட்டும் இரண்டு கைகளையும் அடுப்புப் பக்கம் நீட்டி, "இங்க வந்தாத்தாங்க உயிரே வருது" என்பாள். துணி மடிக்கும் பெண்கள், மகளுக்கே கல்யாணம் ஆன பிறகும் புருஷனைப் பிரிந்து இருக்க முடியவில்லையா என்று கேலி பேசினார்கள். பாய்லர்காரரும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஒரு விடுமுறை நாளில் சிரிப்பு நின்றது. வேறு ஊரில் இருக்கும் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்தவள் அம்மா. நலம் விசாரித்து இரண்டு வாக்கியம் பேசிவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து மகள், "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

மைக்கக்கா போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற மகளுக்கே தன் குரல் தெரியாமல் போனதில் அவளுக்கு வந்தது அழுகைகூட இல்லை, வெட்கம். மகள் பிடித்த பிடிவாதத்தில்தான் மறுநாள் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். அறிக்கை வந்ததும், தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது, உடம்பு முழுக்க வேகம் குறைவது அதனால்தான், தினம் ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும், சின்ன அளவில் ஆரம்பிப்போம், ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு அளவை ஏற்றலாம் என்றார். ரத்தமும் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை வேறு எழுதினார். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும், மற்றதற்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றும் சொன்னார். சொன்னதெல்லாம் பாய்லர்காரர் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். அவர் அறிக்கையில் இருந்த எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டி.எஸ்.எச். என்று போட்டு நாற்பத்திரண்டு என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில், இருக்க வேண்டியது நாலரைக்குள் என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு கொதிகலன் இப்படிப் பத்து மடங்கு ஏறி நின்றால் ஆலை இருந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கும் என்று அவருக்குள் ஓடியது.

மைக்கக்காவுக்கோ அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் மனதில் நிற்கவில்லை. காலையில் இரண்டு மாத்திரைகளையும் ஒன்றாக வாயில் போட்டு, டீயை ஊற்றி விழுங்கினாள். இரும்பும் டீயும் சேர்ந்து அந்தச் சின்ன மாத்திரையை உடம்பில் சேரவிடவில்லை. ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை செய்தபோது நாற்பத்தெட்டு.

டாக்டரிடம் போயிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். பரிசோதனைக்கூடத்தில் அறிக்கையை வாங்கிய பாய்லர்காரர் நேராக வீட்டுக்கு வந்தார். அன்று நடந்த பேச்சு இதுதான்.

"மாத்திரை போட்ட பிறகு ஏறியிருக்கு. என்ன அர்த்தம்?"

"டாக்டரைக் கேட்டுடலாங்க."

"கேக்க என்ன இருக்கு? கூடுதல்னு இங்கயே போட்டிருக்கான். பாய்லர்ல முள்ளு சிவப்புக்குப் போனா நான் இன்னும் கரியை அள்ளிப் போடுவேனா, நிறுத்துவேனா?"

"நிறுத்துவீங்க."

"அவ்வளவுதான். இதுக்குப் போய் டாக்டர்கிட்ட நாள் பூரா உக்காரணுமா?"

முகம் மழிக்கும் பிளேடால் மாத்திரையை இரண்டாக வெட்டினார். மாத்திரை சின்னது. ஆனாலும் நேர் பாதியாக விழுந்தது. கை நேர்த்தி அவருக்கு. தினமும் காலையில் பாதியை அவரே எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனைவியைக் கவனிக்காதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. கவனித்துக் கவனித்துத்தான் கெடுத்தார்.

பாதி மாத்திரையில் அவள் இன்னும் கனத்தாள். மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு, ஏறிக்கொண்டிருந்தோமா இறங்கிக்கொண்டிருந்தோமா என்று யோசிப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கை எழுந்து அடுப்பை அணைக்க நேரமாகும். மலச்சிக்கலில் வயிறு நாள்கணக்கில் இறங்காது. வீட்டுக்கு வந்தால் தூக்கம், எழுந்தால் மறுபடி தூக்கம். பாய்லர்காரரின் தங்கை மேல்மாடியில் குடியிருந்தாள். அவள் கீழே வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போவாள். போகும்போது, அண்ணி கொடுத்து வைத்தவங்க என்று ஒரு வார்த்தையை உதிர்க்காமல் போக மாட்டாள்.

தங்கையின் வீட்டில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். அவள் கணவர் வீட்டு மனிதர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சோறும் முட்டையும் கீரையும் பரிமாறிக்கொண்டிருந்தபோது மைக்கக்கா மடியில் தட்டை வைத்தபடியே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தட்டு சாய்ந்து சோறு புடவையில் கொட்டியது. தங்கை துடைக்கத் துணியோடு ஓடிவந்தாள். ஒரு பெரியவர், உடம்புக்கு ஏதாவது பார்க்கக் கூடாதா, மாத்திரை ஒன்றும் இல்லையா என்று கேட்டார். பாய்லர்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. எல்லாரும் தன்னைப் பார்ப்பதாகத் தோன்றியது.

"வியாதிக்கு மாத்திரை இருக்குங்க. சோம்பேறித்தனத்துக்கு ஏது மாத்திரை?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். தூங்குகிறவளுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். அவள் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து, புடவையை உதறி, சிந்திய சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினாள். விரல்கள் மரத்திருந்ததால் பருக்கை பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது. அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

பேருந்து நிலையத்திலும் நிலைமை மோசமானது. மைக்கக்காவின் நாக்கு தடித்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. மலையடிவாரம் போகும் வண்டி என்று ஆரம்பிப்பாள். எந்த மேடை என்பதற்குள் நினைவு நின்றுவிடும். ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் கேட்கும். பயணிகள் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்ப்பார்கள். ஒரு நாள் மேடையை மாற்றிச் சொல்லி, ஒரு கூட்டமே மூட்டை முடிச்சுகளோடு அந்தப் பக்கம் ஓடி, வண்டியைத் தவறவிட்டது. குடித்துவிட்டு மைக்கில் பேசுகிறாள் என்று புகார் எழுதிக் கொடுத்தார்கள். நிலைய மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. அவளிடம் நேரில் கேட்கக் கூச்சப்பட்டு அவள் கணவருக்குப் போன் செய்தார்.

கொதிகலன் இரைச்சலில் ஒன்றும் கேட்காததால் பாய்லர்காரர் போனோடு துணி மடிக்கும் கூடத்துக்கு வந்தார். நீண்ட மேசையின் இரு பக்கமும் பெண்கள் விரிப்புகளை உதறிப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் மேலாளர். "எழுத்துல புகார் வந்திருக்கு, கேக்காம இருக்க முடியாது. வீட்ல அவங்களுக்கு ஏதாவது... பழக்கம் கிழக்கம் உண்டா?"

எதிர்முனைக் குரல் வெளியிலும் கேட்டிருக்க வேண்டும். மடிக்கும் கைகள் மெதுவாயின. இல்லை என்று ஒரு சொல் போதும். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவர், ஒரு துளி வாசனைகூட அவளிடம் அறியாதவர், அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அவமானமாக இருந்தது. தன் வீட்டைப் பற்றி இப்படி ஒரு கேள்வி, அதுவும் இத்தனை பெண்கள் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது. இல்லை என்று சொன்னால் பொண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்பார்களோ என்று தோன்றிவிட்டது. தன்னைக் கறாரான ஆளாகக் காட்டிக்கொள்ள அவர் வாய்க்கு ஒன்று வந்தது.

"டிரைவருங்களுக்கெல்லாம் தினமும் ஊதிப் பாக்குறீங்கல்ல சார்? அவளுக்கும் பாத்துடுங்க. மிஷின் பொய் சொல்லாது."

மறுநாள் காலை ஓட்டுநர்கள் வண்டி எடுக்கும் முன் குடி சோதனைக் கருவியில் ஊதிக் காட்டுவதற்காக வரிசையில் நின்றிருந்தார்கள். மேலாளர் மைக்கக்காவைக் கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டு வரிசையின் முன்னால் நிறுத்தினார். அவள் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தாள். குழாயை வாயில் வைத்து ஊதினாள். மூச்சுப் போதவில்லை, கருவி ஏற்கவில்லை. பலமாக ஊதுங்கள் என்றார் மேலாளர். மறுபடி ஊதினாள். அதுவும் போதவில்லை. கன்னம் உப்பி, கண்ணில் நீர் வர ஊதிய பிறகுதான் கருவி சத்தம் போட்டது. பூஜ்யம். ஓட்டுநர்கள் எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்தபடி நின்றார்கள். நீண்ட நாள் பழக்கமுள்ள ஒருவர் மட்டும், போய் உட்காருக்கா, ஒன்றும் இல்லை என்று முணுமுணுத்தார். அவள் மேலாளரிடம், சரிங்க சார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் குடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் மைக்கில் உட்காரவைக்கவும் முடியாது என்று தெரிந்தது. தவறவிட்ட பொருட்கள் வைக்கும் அறைக்கு அவளை மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. அலமாரி முழுக்கக் குடைகளும், சாப்பாட்டு டப்பாக்களும், ஒற்றைச் செருப்புகளும், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு செயற்கைப் பல் வரிசையும் இருந்தன. கேட்டு வருகிறவர்கள் குறைவு. மைக்கக்கா மேசைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கினாள்.

வீட்டில் அவள் ஊதிய கதையைச் சொல்லவில்லை. பாய்லர்காரரும் கேட்கவில்லை. மேலாளர் போனில் பூஜ்யம் என்று சொன்னதைக் கேட்டு, அப்பாடா என்று மூச்சு விட்டார். இடம் மாற்றியதைக் கேட்டதும் அவர் கோபம் மறுபடி மாத்திரைமேல் திரும்பியது. இன்னொரு முறை ரத்தம் கொடுக்க வைத்தார். எண்பது வந்தது. அவர் அசரவில்லை. கரியை நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் சூட்டுக்கு முள் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும், அது அவருக்குத் தெரிந்த விஷயம். பாதி போதாது, முழுசாக நிறுத்த வேண்டும் என்று மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டார்.

மழை தொடங்கிய பருவத்தில் ஒரு மதியம், குடையைத் தேடி வந்த ஒருவர் எவ்வளவு கூப்பிட்டும் மைக்கக்கா எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தபோது கை சில்லென்று இருந்தது. முகம் ஊதி, உதடு வெளுத்து, மூச்சு எப்போதாவது வந்தது. போய் உட்காருக்கா என்று சொன்ன அதே ஓட்டுநர், காலியாக நின்றிருந்த தன் வண்டியில் அவளைப் படுக்கவைத்து மருத்துவமனைக்கு ஓட்டிப் போனார்.

பாய்லர்காரர் கரி படிந்த சட்டையோடு வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கம்பளி போர்த்தி, நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா பழைய அறிக்கைகளைக் கேட்டார். பாய்லர்காரர் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த மூன்றையும் எடுத்து வரிசையாக நீட்டினார்.

"மாத்திரை கடைசியா எப்ப போட்டாங்க?"

"நிறுத்திட்டோங்க. ஏறிக்கிட்டே போச்சு, அதான் மொதல்ல பாதியாக்கினேன். அப்புறம் நிறுத்திட்டேன்."

"யார் சொல்லி?"

"நானாத்தான்" என்றார். அப்போதும் ஒரு பாராட்டைத்தான் எதிர்பார்த்தாரோ என்னவோ.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"டி.எஸ்.எச்.ங்கறது தைராய்டுல சுரக்கறது இல்லைங்க. மூளைக்கு அடியில ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. தைராய்டு ஒழுங்கா வேலை செய்யலைன்னா, செய் செய்னு அது போடற அதட்டல்தான் இந்த எண். தைராய்டு மந்தமாக ஆக, அதட்டல் கூடிக்கிட்டே போகும். மாத்திரை உடம்புல சேர்ந்தா அதட்டல் தானா இறங்கும். இவங்களுக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கணும்."

"அப்ப தைராய்டு எவ்வளவு சுரக்குதுன்னு..."

"அடுத்த வரி. டி4னு இருக்கு பாருங்க. மூணு ரிப்போர்ட்லயும் குறைவுன்னு போட்டிருக்கு. பாக்கலியா?"

பார்த்தார். மூன்று தாளிலும் இருந்தது, அதே தடித்த எழுத்தில். மேல் வரியில் பெரிய எண்ணைக் கண்டதுமே அவர் கண் நின்றுவிட்டிருந்தது. துணி தேய்க்கும் கூடத்தில் நீராவி போதாமல் போனால் அங்கிருப்பவர்கள் மணியை அழுத்துவார்கள். போதவே இல்லை என்றால் விடாமல் அழுத்துவார்கள். மணி கேட்டதும் கரி அள்ளிப் போட ஓடுவது அவர் இத்தனை வருஷமாகச் செய்த வேலை. இங்கே மணி அலற அலற அவர் அடுப்பை அணைத்திருக்கிறார். இது புரிந்ததும் அவருக்கு அங்கே இருக்க முடியவில்லை. வெளியே நடைக்கூடத்துக்கு வந்து சுவரோரம் நின்றார். தங்கை வீட்டில் எல்லாரும் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவளுக்கு நன்றாக நினைவு திரும்பிப் பேசுகிற நிலை வந்ததும் மாத்திரை விஷயத்தைச் சொன்னார். தான் செய்தது தலைகீழ் என்று சொன்னார். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். நீங்க தெரிஞ்சுதான் செய்யறீங்கன்னு இருந்தேன் என்றாள், அவ்வளவுதான். தங்கை கஞ்சி கொண்டுவந்தாள். அண்ணி கொடுத்து வைத்தவங்க என்று சொன்ன வாயால் எதையும் சொல்ல முடியாமல், கரண்டி கரண்டியாக ஊட்டிவிட்டுப் போனாள். இவ்வளவையும் சொன்ன பாய்லர்காரர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மேலாளரிடம் போனில் பேசியதை அவர் தொண்டை வரைக்கும் கொண்டுவருவார், பிறகு தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் டாக்டரம்மா சொன்னபடி நடந்தது. விடிந்ததும் முழு மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர். டீ ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு மாத்திரை இரவில். அவள் டீ குடிக்கும் வரை அவரும் குடிக்காமல் எதிரே உட்கார்ந்திருப்பார். ரத்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கினால் உறையைப் பிரிக்காமல் அப்படியே டாக்டரம்மா மேசையில் கொண்டுபோய் வைப்பார். எண் இருபதுக்கு இறங்கியது என்றார் டாக்டரம்மா. மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். சில மாதங்களில் நாலுக்குள் வந்துவிட்டது. வீக்கம் வடிந்து முகத்தில் பழைய எலும்புகள் தெரிந்தன. தலையில் குட்டிக் குட்டியாகப் புது முடி முளைத்தது. குரலும் ஏறி வந்தது. அடியில் கொஞ்சம் கரகரப்பு மிச்சம் இருந்தாலும் சொற்கள் தனித்தனியாக நின்றன. மேலாளர் கூப்பிட்டனுப்பினார், மறுபடி மைக்குக்கு வரச் சொல்லி.

வேலைக்குப் போக வேண்டிய காலை. மாத்திரை போட்டாகிவிட்டது, டீக்கு நேரம் இருந்தது. மைக்கக்கா ஸ்வெட்டரை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்று சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு அங்க உன்னை ஊதச் சொன்னது மேனேஜர் இல்ல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவள் அலமாரியை மூடினாள். "தெரியும்."

"எப்படி?"

"குழாயை நீட்டறப்பவே அவர் காதோட சொன்னாரு. உங்க வீட்டுக்காரர் சொல்லித்தாம்மா, தப்பா எடுத்துக்காதீங்கன்னு."

இத்தனை மாதம், அந்த அறையில் தூங்கியபோதும், மருத்துவமனையில் அவர் கையால் தண்ணீர் குடித்தபோதும் இவளுக்குத் தெரியும். "ஏன் என்னைக் கேக்கல?" என்றார்.

"கேக்கற நிலைமையிலயா இருந்தேன்? நாக்கு குழறுது, நடந்தா தள்ளுது, காலையில என்ன பேசினோம்னு சாயங்காலம் ஞாபகம் இல்ல. நீங்களே ஊதச் சொல்லியிருக்கீங்கன்னா ஏதோ இருக்குன்னு நெனச்சேன். நமக்குத் தெரியாமலே என்னத்தையோ குடிச்சிட்டோமோன்னு. பூஜ்யம்னு வந்தப்ப அங்க இருந்தவங்கள்லயே அதிகமா ஆச்சரியப்பட்டது நான்தாங்க."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா என்று சொல்ல முடியவில்லை, தோள்கள் மட்டும் அசைந்தன. அவள் பக்கத்தில் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நான் இப்ப என்ன செய்யணும்?" என்றார் கைகளுக்குள்ளிருந்து.

"எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. என்கிட்ட சொல்லி என்ன? தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

டீ குடித்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். பேருந்து நிலையத்தில் ஓட்டுநர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். மைக்கக்காவைக் கண்டதும் சிலர் சிரித்து வணக்கம் சொன்னார்கள். மேலாளர் வாங்கம்மா என்றார். பாய்லர்காரர் வரிசைக்கு முன்னால் போய் நின்றார். வேலைக்குப் போகிற மனிதர்களை நிறுத்திப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை.

"ஒரு நிமிஷம். அன்னைக்கு என் வீட்டுக்காரிய இங்க நிக்கவச்சு ஊதச் சொன்னது சார் இல்ல, நான். அவளுக்கு உடம்பு சரியில்லாமப் போனதுக்கும் நான்தான் காரணம். மாத்திரையக் கூட்டறதுக்குப் பதிலா குறைச்சுட்டேன். அதனாலதான் நாக்கு குழறுச்சு."

மேலாளர் கையில் இருந்த கருவியை மேசைமேல் வைத்தார். மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிய ஓட்டுநர்தான் கேட்டார், கடுமையாக இல்லை, தெரிந்துகொள்கிற மாதிரி.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுப்பா" என்றார் பாய்லர்காரர். சொல்ல வந்தது முடிந்துவிட்டது என்கிற நிம்மதி அவர் குரலில் லேசாக எட்டிப் பார்த்தது. "வியாதிதான்னு தெரியாமப் போச்சு."

கண்ணாடி அறையின் கதவில் கை வைத்திருந்த மைக்கக்கா திரும்பினாள்.

"வியாதி தெரியாது, சரி" என்றாள். "நான் குடிக்கறவ இல்லைன்னு அன்னைக்கும் தெரியுமில்ல?"

அவள் குரலை உயர்த்தவில்லை. வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் அது தெளிவாகக் கேட்டது. பாய்லர்காரர் அவளைப் பார்த்தார், ஓட்டுநர்களைப் பார்த்தார், பிறகு பார்க்க எதுவும் இல்லாமல் தரையைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.